மஞ்சள் அட்டை வாங்காதவன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் இருமல் விட்டதா?

எங்கள் தொழிலாளர் விடுதியில் நாடு வாரியாகக் கால்பந்துப் போட்டி வைத்தார்கள். நம் நாட்டு ஆள் நான் ஒருவன்தான். "ரெண்டு வருஷமா எங்க ரூம்ல இருக்கே, நீயும் எங்க நாட்டு ஆளுதான்" என்று அறைக்காரர்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் சுற்று முடிவில் எங்களுக்கும் இன்னொரு அணிக்கும் புள்ளி, கோல் எல்லாம் சமம். அப்படியானால், முறைகேடாக ஆடினாலோ திட்டினாலோ நடுவர் காட்டும் மஞ்சள் அட்டையைக் குறைவாக வாங்கிய அணிதான் இறுதி ஆட்டத்துக்குப் போகும். ஒரே ஓர் அட்டையில் நாங்கள் தப்பித்தோம். "உன்னை மாதிரி பொறுமைசாலி உண்டா" என்று, ஓர் அட்டைகூட வாங்காத என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். சிரிக்காதே. நானும் நடுவரை வாய் ஓயாமல் திட்டினேன். தமிழில் என்பதால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முட்டிக்குத் தைலம் அனுப்பு. போனில் நலம் மட்டும் கேட்டுவிட்டு வைக்காதே, கொஞ்சம் சண்டையும் போடு. இங்கே என்னைத் திருப்பித் திட்ட ஒருவரும் இல்லை.

ஷிஃப்ட் வண்டி வந்துவிட்டது.

உன் பொறுமைசாலி