மலைப்படி ஏறிய கால்

நைனா,

இன்று காலை கோலம் போட்டு முடித்து, மாவுக் கையோடு வாசலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் வழக்கம்போல் பேப்பர் படிக்க வந்தார். உன்னைப் போலவே அவருக்கும் கை நடுக்கம். வழவழவென்ற சிமெண்டுத் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார். பிறகு, மிதித்துவிடக் கூடாதே என்று கோலத்தைப் பார்த்தவர், காலைத் தூக்கி ஒரு கோட்டைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டி உள்ளே வந்துவிட்டார். எனக்கு உன் கால்தான் ஞாபகம் வந்தது.

உனக்கும் அப்படித்தானே இருந்தது? வீட்டுக்குள் நடந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனால் எங்களுக்கு முன்னால் படியேறிவிடுவாய். "மலைப்படி ஏறுறவனுக்கு வூட்டு வாசப்படி தாண்ட வரலையா?" என்று தெருவே பேசியது. எனக்கும் அது அன்று புரியவில்லை. தாண்டுவதற்குப் படியோ கோடோ கண்ணெதிரே வரிசையாக இருந்தால் கால் எழும் என்று இன்றுதான் பிடிபட்டது.

எமர்ஜென்சி சமயத்தில் உன்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தலை நிறைய ஒயர் ஒட்டி விரலை அசைக்கச் சொன்னார்கள். ஓடும் காகிதத்தில் முள்முனைகள் கிறுக்கிக்கொண்டே போயின. விரல் அசைவதற்கு முன்பே மூளையில் ஓர் அலை அடங்கி வழிவிட வேண்டுமாம். உனக்கு அது நேரத்துக்கு அடங்கவில்லை என்றார் டாக்டர். அப்படியானால் இவருக்கு மனசு இல்லையா என்று கேட்டேன். மனசு வேறு, புறப்படுவது வேறு என்றார். தலையாட்டினேனே தவிர ஒன்றும் விளங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நீ சிரித்தாய்: "தலைக்குள்ள அலை அடிக்குதுன்னு உங்கம்மாவாண்ட சொல்லாத. மீன் கேப்பா."

அதற்கப்புறம்தான் உன் அண்ணன் தவறிப்போனார். பக்கத்து வீடுதான். நடுச்சுவர்த் தகராறில் இரண்டு பேரும் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் சேதி கேட்டு நீ தேம்பி அழுததைப் பார்த்தவள் நான். பங்காளி வீடாயிற்றே, நமக்கும் தீட்டு. அம்மா தண்ணீர் தெளித்து நம் வாசல் கோலத்தை அழித்தாள். வாய்க்கரிசி போட உன்னைக் கூப்பிட்டார்கள். வாசல்வரை வந்தாய். கால் நின்றுவிட்டது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை. பெரியம்மா அங்கிருந்தே பார்த்தாள். "வுடுங்க. மனசு இல்லாதவன இழுத்துகினு வராதீங்க" என்றாள். உன் கை அரிசி இல்லாமலே பாடை கிளம்பியது.

சாயங்காலம் நீ என்னைக் கேட்டாய்: "வர மாட்டேன்னது நானா, காலா? எனக்கே தெரியல, கண்ணு."

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பிறகு நீயும் செத்துப்போனபோது பெரியம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானமே பஸ் ஏறினேன். பெரியம்மா இப்போது ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பெரியவர் கோலத்தைத் தாண்டியதையும், அன்று நம் வாசலில் கோலம் இல்லாததையும் சொன்னேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை நிறுத்தினாள்.

"அன்னிக்குக் கோலத்த அழிக்காம வுட்டிருந்தா வந்திருப்பானா?"

"ஆங், வந்திருப்பாரு" என்றேன்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன் திதி எப்போது என்று கேட்டாள். வருகிறாளாம்.

திரும்பி வரும்போது எனக்குள் மறுபடி அதே குழப்பம். நீ அண்ணனுக்காக அழுததும் நிஜம். அவர் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நிஜம். கோலம் இருந்திருந்தால் கால் வந்திருக்கும், சரி, மனசு? அந்த டாக்டர் இரண்டும் வேறு என்றார். அன்று வாசலில் உன்னைப் பிடித்து நிறுத்தியது எது என்று அவருடைய காகிதத்திலும் இருந்திருக்காது. நீ கேட்ட கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது. பதில் தெரியாமலே உனக்காக ஆங் என்று சொல்லிவிட்டேன்.

சரியாகத்தானே சொன்னேன், நைனா?