எல்லாம் இருக்கு ஐயா

என் திரேசாக்காவுக்கு,

லூசிக்கு முன்பல் விழுந்துவிட்டது. மேல்வரிசையில், நட்டநடுவில். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்தப் பல்லை நான் பார்க்கவில்லை. மடத்தில் விழுந்ததாம், சிஸ்டர் ஒருவர் எடுத்து எறிந்துவிட்டாராம். எங்கே எறிந்தீர்கள் என்று கேட்டேன், அவருக்கு ஞாபகமில்லை.

உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதத்துக்கென்று நம் கோவில் பத்திரிகையில், இறந்துபோனவர்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் மோட்சத்தைப் பற்றி அழகாக எழுதுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. உன் பிள்ளைகளைப் பிரிக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துச் சொன்னேன், பிரித்துவிட்டேன். அது எப்படி நடந்தது என்று கொட்டாஞ்சேனையில் ஆளுக்கொரு கதை கதைக்கிறார்கள். நடந்ததை நானே உனக்குச் சொல்கிறேன், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

அத்தான் துறைமுகத்தில் மூட்டைக்கு அடியில் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நீயும் காய்ச்சலோடு போய்விட்டாய். எட்டு வீடு ஒட்டி நிற்கிற நம் தோட்டத்து ஒற்றை அறையில் பதினொரு வயது மேரி, ஐந்து வயது லூசி, நான். எனக்குத் தையல்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுக்கும் வேலை. ஜப்பான்காரன் சண்டை முடிந்தும் அரிசி கூப்பனுக்குத்தான். மேரி தன் சோற்றைத் தங்கச்சியின் கோப்பைக்குத் தள்ளிவிட்டுப் பசியில்லை என்பாள். அவளுக்குப் பொய் சொல்லக்கூட உன்னைப் போலவே முகம் ஒத்துழைக்காது.

ஏழைப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறது, எழுதிப் போடு என்று பாதர்தான் சொன்னார். கோவில் உபதேசியார் ஒரு இங்கிலீஷ் படிவம் கொண்டுவந்து நிரப்பினார். அதில் தகப்பனுக்கு ஓர் இடம், தாய்க்கு ஓர் இடம், அநாதை மடத்துக்கு ஓர் இடம். சின்னம்மாவுக்கு இடமே இல்லை. உபதேசியார் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, ஓரத்தில் என் பெயரைப் பொடி எழுத்தில் எழுதினார்.

ஒரு மாதத்தில் கடுதாசி வந்தது. புதன்கிழமை காலை ஒரு ஐயா வீட்டைப் பார்க்க வருகிறார் என்று. அக்கா, அந்தச் செய்தி பைப்படிக்குப் போன வேகம் உனக்குத் தெரியும்.

நபீசா ராத்தாவின் இரண்டு பிரம்புக் கதிரைகளை நினைவிருக்கிறதா? நம் எட்டு வீட்டில் எங்கே பெண் பார்க்க வந்தாலும், எங்கே சாவு விழுந்தாலும் அவைதானே நடந்து போகும். உன்னைக் கிடத்தியிருந்தபோது பாதர் உட்கார்ந்ததும் அதில்தான். புதன்கிழமை விடியற்காலையிலேயே ராத்தா அவற்றை என் வாசலில் வைத்துவிட்டாள்.

"என்ன புள்ள, பெரிய மனுசன் ஒத்தர் வாற. மண்ணெண்ணெப் பெட்டியிலயா இருத்தப் போற? மானம் போகும்!"

கூடவே மகள் கலியாணத்துக்கு வாங்கிய பொன்விளிம்புக் கோப்பைகள். பேக்கரிக்கார சோமா நோனா லேஸ் வைத்த யன்னல் சீலையைக் கொண்டுவந்து தானே கட்டினாள். ஒரு பட்டர் கேக்கும் வைத்தாள். வருகிறவர் விருந்தாளி இல்லை, நம் இல்லாமையைப் பார்க்க வருகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நான் பிள்ளைகளுக்குத் தலைவாரி, வரிசையாக நிறுத்திப் பாடம் வேறு சொல்லிக்கொடுத்தேன். "ஐயா என்ன கேட்டாலும் அது இல்லை, இது இல்லை எண்டு மூக்கால அழக்கூடாது. எல்லாம் இருக்கு ஐயா எண்டு மரியாதையாச் சொல்லோணும். விளங்கினதோ?"

அவர் யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளை ட்ரில் கோட், கையில் தோல் பை. உள்ளே வந்தார், சட்டைப்பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்தார், கதிரையை இரண்டு தரம் தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா, எனக்கு உச்சியில் நெருப்புப் பற்றியது. விடியற்காலையிலிருந்து முழங்காலில் நின்று நிலம் தேய்த்திருக்கிறேன். என் வீடு இவருக்கு ஊத்தையா?

அவர் கோப்பையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். "இதெல்லாம் உம்மடை சாமானோ, பிள்ளை?" என்று கேட்டார்.

நேராகத்தான் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் ராத்தாவும் சோமா நோனாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த லேஞ்சி அவருடைய மடியில் கிடந்தது. "ஓம் ஐயா, எங்கடதான்" என்றேன். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

பிறகு அவர் லூசியைப் பார்த்து, "பிள்ளைக்கு ஏதும் குறை இருக்கோ?" என்றார். அவள் பள்ளிக்கூடத்தில் செபம் சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் இருக்கு ஐயா!" என்று கத்தினாள். அவர் சிரித்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார். அவர் போனதும் நான் அவளுக்குப் பெரிய துண்டுக் கேக் வெட்டிக் கொடுத்தேன்.

அந்தக் கேக்கை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப்போட வேண்டும் போலிருக்கிறது.

போதிய வசதியுள்ள வீடு, உதவி தேவையில்லை என்று பதில் வந்தது. வேறென்ன வரும்? மழை தொடங்கியபோது லூசிக்கு இருமல் பிடித்தது. தையல்கடையில் வேலை பாதியாகக் குறைந்தது. களனி ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மடத்தில் ஒரு இடம் இருக்கிறது, எட்டு வயதுக்குக் கீழே என்றால் எடுப்பார்கள் என்று பாதர் சொன்னார். மேரி, "நான் போறன் சின்னம்மா, எனக்கு ஏழு எண்டு சொல்லுங்கோ" என்று குந்திக் காட்டினாள், குந்தினால் சின்னவளாகத் தெரியுமாம். லூசியைத்தான் கொண்டுபோய் விட்டேன். நான் அன்றைக்கு அழவில்லை. இதை எழுதும்போது அழுகிறேன்.

மடத்தில் அவளை வைத்திருப்பதற்கு அரசாங்கம் மடத்துக்குக் காசு கொடுக்கிறதாம். நான் வைத்திருந்தால் எனக்குக் கொடுக்காதாம். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஐயா வேலை செய்கிற கந்தோருக்குப் போனேன். வாசலில் இருந்த பியோன் உள்ளே விடவில்லை. நான் சத்தம் போட்டேன், அதே ஐயா வெளியே வந்தார்.

"ஐயா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். திரும்ப ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்தார். இந்தத் தரம் கதிரை இல்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் காட்டினேன். லேஞ்சியை எடுத்து அதையும் தட்டினார், பிறகு உட்கார்ந்தார்.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"நீங்க லேஞ்சியால கதிரையைத் துடைச்சீங்க ஐயா. எனக்குப் பொறுக்கேல்ல."

அவர் தன் கையைப் பார்த்தார். "அது என்ரை பழக்கம், பிள்ளை. என்ரை வீட்டிலயும் துடைச்சுப்போட்டுத்தான் இருக்கிறனான். மனுசி ஏசுறவ."

இதற்கு என்ன சொல்வாய் அக்கா? நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அதற்குள் நபீசா ராத்தா வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தக் கதிர எங்கட. கோப்பயும் எங்கட. நான்தான் குடுத்த. நல்லா எழுதிக்கோங்கொ" என்றாள். சோமா நோனா அவளை இடித்துக்கொண்டு வந்தாள். "அனே மாத்தயா, யன்னல் சீலை எங்கட வீடு! கேக் எங்கட வீடு! பிலோகிட்ட ஒண்டுமே இல்லை!" என் இல்லாமையை இவ்வளவு ஆசையாக யாரும் சாட்சி சொன்னதில்லை.

ஐயா நிறைய எழுதினார். "சட்டத்திலை சின்னம்மாவுக்கெண்டு ஒரு வரி இல்லை, பிள்ளை. ஆனா நான் எழுதிப் பாக்கிறன். மடத்துக்குப் போய்ச் சின்னவளையும் ஒருக்கா கேக்கோணும். அது முறை" என்றார். நல்ல மனுஷன். அவர்மேல் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை.

அந்த மூன்று வாரம் நானும் மேரியும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி இருந்தோம். லூசியின் பழைய சட்டையைத் தோய்த்து மடித்து வைத்தோம், பிறகு இனி அளவு காணாது என்று மேரி தையலைப் பிரித்து இறக்கிவிட்டாள். பாயில் நடுவில் இடம் விட்டே படுத்தாள்.

கடுதாசி வந்தது. உபதேசியார் வாசித்தார். மேரிக்கு உதவி உண்டு. ஒரு சின்னம்மாவுக்குக் கொடுக்கிறார்கள், பெரிய காரியம் என்று அவரே சந்தோஷப்பட்டார். பிறகு குரல் இறங்கியது. இளைய பிள்ளையை நேரில் விசாரித்ததில், தனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் இருக்கிறது என்று பிள்ளையே சொல்லியிருக்கிறது. ஆகவே அது இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

போன ஞாயிறு பார்க்க விடுகிற நாள். கிராண்ட்பாஸ் வரைக்கும் ட்ராமில் போய், பாலத்தை நடந்து கடந்து போனோம். லூசி ஓடிவந்து மேரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சிரித்தபோதுதான் அந்தப் பல் இல்லாத ஓட்டையைக் கண்டேன்.

"ஐயா வந்தவரா குஞ்சு? என்ன கேட்டவர்?"

"ஏதும் குறை இருக்கோ எண்டு கேட்டவர். நீங்க சொல்லித் தந்தமாதிரியே சொன்னனான் சின்னம்மா. கையைக் கட்டிக்கொண்டு. சத்தமா." என் முகத்தைப் பார்த்தாள். "சரியாத்தானே சொன்னனான்?"

"ஓம் குஞ்சு. நல்லாச் சொன்னனீ."

"அப்ப எப்ப என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போவீங்க?"

மேரி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என்ன செய்வேன் அக்கா? மாமரத்துக்குக் கீழே அவளை மடியில் வைத்துப் புதிதாகப் பாடம் தொடங்கினேன். "சொல்லு பாப்பம், உனக்கு என்ன இல்லை?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கு" என்றாள். அப்படியில்லை, யோசித்துச் சொல்லு என்றேன். "எல்லாம் இருக்கு" என்று மறுபடியும் சொன்னாள், நான் ஏசப்போகிறேன் என்று கண் கலங்கிவிட்டது. மூன்றாம் தரம் கேட்டபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள். "அக்கா இல்லை. நீங்க இல்லை."

இதைச் சத்தமாகச் சொல்லலாம், தப்பில்லை என்று அவளுக்குப் பழக்க வேண்டும். பாதர், நீங்களும் வாசிப்பீர்கள், மூன்றாவது மனு எழுத உபதேசியாரைத் தயவுசெய்து அனுப்புங்கள். அந்த லேஞ்சிக்கார ஐயாவையே திரும்பவும் மடத்துக்கு வரவைப்பேன், கந்தோர் வாசலில் பாய் விரித்துப் படுக்க வேண்டி வந்தாலும் சரி.

லூசிக்குப் பக்கத்துப் பல்லும் ஆடுகிறது அக்கா. விரலால் அசைத்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பிடி இருக்கிறது. அதை ஆட்டாதே, கடினமானதைக் கடிக்காதே, வீட்டுக்கு வரும்வரை வைத்திரு என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பல்லை நம் வீட்டுக் கூரையில்தான் அவள் எறிவாள். உன் கையைப் பிடித்து ஒருமுறை சொல்லித் தவறிவிட்டேன். இந்த முறை இவ்வளவு பேர் கேட்கச் சொல்கிறேன்.

உன் பிள்ளைகளின் சின்னம்மா,
உன் தங்கச்சி பிலோ