சரியான நேரத்துக்கு வந்த வண்டி

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நலமில்லாதது ரயில் ஒன்றுதான். போன வாரம் நீ அனுப்பிய படம் வந்தது, வண்டி வந்து நிற்கும்போது உங்கள் ஊர் ஸ்டேஷன் பலகையும் உன் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதாம், அதைப் பெருமையாகப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். பட்டினி கிடப்பவள் எதிரில் உட்கார்ந்து ஏப்பம் விடுகிற வேலை இது. நான் அதைத் திறந்து பார்த்தது எங்கே தெரியுமா, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், ஒரு சாக்கடைக்குப் பக்கத்தில், காரணம் சொல்லாமல் வண்டி நின்றிருந்தபோது. என் முகத்தில் யாரோ ஒருவருடைய சாப்பாட்டுப் பை இடித்துக்கொண்டிருந்தது. இனிமேல் எனக்கு ரயில் படம் அனுப்பாதே, நீ சமைத்ததைப் படம் எடுத்து அனுப்பு, அது எவ்வளவு கருகியிருந்தாலும் பரவாயில்லை.

இந்த வண்டி எங்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் சிக்னல் கோளாறு என்பார்கள், ஒரு நாள் ஓட்டுநர் வரவில்லை என்பார்கள், பல நாள் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். பதிவு செய்த குரல் ஒன்று உண்டு, பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று தேன் வடியச் சொல்லும், அந்தப் பெண்மணி ஒரே ஒரு நாள் எங்களோடு நின்று வருந்தினால் அந்தக் குரல் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை. முதல் நடைமேடை என்று அறிவித்துவிட்டு வண்டியை மூன்றாவதில் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அதனால் நாங்கள் எல்லாரும் மேம்பாலத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு எந்தப் பக்கம் வண்டியின் தலை தெரிகிறதோ அந்தப் பக்கம் இறங்கி ஓடுகிறோம். என் முழங்கால் வலிக்கு நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, அதற்குக் காரணம் வயது இல்லை, அந்தப் படிக்கட்டு.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. நான், கண்ணாடிக் கடைக்காரர், பேங்க் தம்பி, இன்னும் சிலர், எல்லாரும் தினமும் ஒரே பெட்டி. சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் தையல்கார அக்கா மட்டும் எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் ஏறுவாள். அவள் ஏறி, வண்டி நிஜமாகவே நகர்ந்த பிறகு, எங்களுக்கெல்லாம் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது வந்தால்தான் நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவோம். பலகையையும் அறிவிப்பையும் நம்புவதை விட்டு ரொம்ப நாளாயிற்று, அக்காவின் மிஸ்டு கால்தான் எங்களுக்கு அட்டவணை. எனக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. நடைமேடையில் காய்வதற்குப் பதிலாக அந்த நேரத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டு வருவேன். அவருடைய வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஒரு பொத்தான் போடுவதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது, நான் போட்டுவிட்டால் சத்தம் இல்லாமல் நிற்பார்.

போன வியாழக்கிழமை மிஸ்டு கால் வரவில்லை. வழக்கம்போல் வண்டி எங்கேயோ படுத்துவிட்டது என்று நினைத்து நிதானமாக இருந்தேன், அப்பாவுக்கு நகம் கூட வெட்டிவிட்டேன். பிறகு அக்கா கூப்பிட்டாள், பாவம், அழாத குறை. "வண்டி சரியான நேரத்துக்கு வந்துட்டுப் போயிடுச்சு, நான் இன்னும் தெருமுனையிலதான் நிக்கிறேன், இப்படி ஒரு அநியாயம் நடக்கும்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள். எத்தனையோ மாதத்தில் ஒரே ஒரு நாள் அந்த வண்டி ஒழுங்காக வந்திருக்கிறது, அதை எங்களில் ஒருவர் கூடப் பிடிக்கவில்லை. அடுத்த வண்டி ரத்து. வாடகைக் காருக்கு அலைந்து, அதில் ஏறி, அதுவும் நெரிசலில் மாட்டி, நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்ற காவலாளி கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். ஆபரேஷன் கருவிகளை இரவு ஆள் ஆவி இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போவார், காலையில் நான் போய், கிருமி செத்ததைக் காட்டுகிற பட்டையின் நிறம் உள்ளே சரியாக மாறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கருவித் தட்டு தியேட்டருக்குள் போகும். அன்றைக்கு முதல் ஆபரேஷன் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குப் பித்தப்பைக் கல். இரண்டு தடவை பயந்து தள்ளிப்போட்டவராம், மூன்றாவது தடவை எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல், பச்சை அங்கியோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். என் தட்டுக்காகக் காத்திருந்து காத்திருந்து அவருக்கு இருந்த தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. நான் மூச்சிரைக்க உள்ளே போகும்போது அவர் சொந்தச் சேலை கட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். "நான் இன்னொரு நாள் வரேங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார், நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மேலாளர் கூப்பிட்டார். உன் வயதுதான் இருக்கும், காரில் வருகிறவர். இத்தனை மாதமாக நான் உண்மையைச் சொன்னேன், ரயில் தாமதம் என்று, அவர் நம்பவில்லை. அன்றைக்கு வாயைத் திறப்பதற்கு முன்பே, "இன்னிக்கு வண்டி கரெக்டா வந்திருக்கும்மா, நான் விசாரிச்சிட்டேன்" என்றார். வண்டி சரியாக வந்ததால்தான் தாமதமாகிவிட்டது என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது, நீயே சொல். இனி ஒரு தடவை நான் நேரம் தவறி ஆபரேஷன் நின்றால் என்னை அடித்தளத்தில் இருக்கும் துணி அறைக்கு மாற்றிவிடுவாராம், போர்வையும் தலையணை உறையும் எண்ணுகிற வேலை. முதல் வண்டியில் வாருங்கள் என்று புத்தி வேறு சொன்னார். முதல் வண்டி இருட்டிலேயே கிளம்பிவிடும், அப்பாவை யார் பார்ப்பது. வேலையை விட்டுட்டு இங்க வந்துடுங்கம்மா என்று நீ சொல்வாய், சொல்லாதே. அந்த அறை என் அறை. நான் கையெழுத்துப் போட்ட தட்டால் இதுவரை யாருக்கும் ஒரு புண் சீழ் வைத்தது கிடையாது. ஒரு கேடுகெட்ட ரயிலுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் பாட்டுக்கு இடது கையால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார், எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. டீச்சருக்கு மறுபடியும் இந்த வியாழன் காலை முதல் ஆபரேஷன் என்று போட்டிருந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமலே அன்றைக்கு இருட்டில் எழுந்து விளக்கைப் போட்டேன், அப்பா குளித்து, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை துவட்டாமல் தோளெல்லாம் ஈரம். பொத்தான் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றையும் ஒரு துளை தள்ளிப் போட்டு, காலர் ஒரு பக்கம் காதைத் தொட்டது. நான் கையை நீட்டினேன், அவர் இடது கையால் தட்டிவிட்டார். "நீ கிளம்பு, வண்டி வந்துடும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, கிளம்பிவிட்டேன். முதல் வண்டியும் தாமதம்தான், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் வந்தார், தட்டு உள்ளே போனது, கல் வெளியே வந்தது.

சாயங்காலம் வழக்கம்போல் வண்டி காலை வாரிவிட, வீடு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா அதே சட்டையில், அதே கோணல் காலரோடு கதவைத் திறந்தார். அப்படியேதான் பால் வாங்கப் போயிருக்கிறார், பக்கத்து வீட்டு அம்மா சரிசெய்ய வந்தாராம், "நான் போட்டது, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

நீ ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, நீயும் நேரத்துக்குத் தூங்கு. தைலம் மறக்காமல் அனுப்பு. இனிமேல் தினமும் முதல் வண்டிதான், அதனால் காலையில் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு, தனியாக இருப்பார். முகம் பார்த்துப் பேசும்போது அவருடைய சட்டை எப்படி இருந்தாலும் நீ பார்க்காதவன் மாதிரி இரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா