போன்ஜூர் சொல்ல மறந்தவன்

அன்பு மச்சான் பாபு,

நல்ல சேதியோடுதான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். முடியவில்லை. பிரெஞ்சுத் தேர்வில் நான் தோற்றுவிட்டேன்.

எழுத்துத் தேர்வில் தப்பித்துவிட்டேன். பேச்சுத் தேர்வில்தான் விழுந்தேன். தேர்வு வைத்த அம்மா பேக்கரிக்காரியாக நடித்தார். நான் ரொட்டி வாங்க வேண்டும். சிதம்பரம் கடைத்தெருவில் கேட்கிற மாதிரி, நேராக "ரெண்டு ரொட்டி" என்று பிரெஞ்சில் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

வெளியே வந்து சொன்னதும் வகுப்பு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள போனதும் போன்ஜூர் மதாம்னு மொதல்ல வணக்கம் சொல்லணும்னு எத்தன வாட்டி சொன்னேன்? அது இல்லன்னா அங்க உங்கள மதிக்கவே மாட்டாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைக்கு வந்தவனைக் கடைக்காரர்தானே கூப்பிட வேண்டும்? கதவைப் பிடித்தால் ஒரு மெர்சி, தண்ணீர் கொடுத்தால் ஒரு மெர்சி. சிதம்பரத்தில் ஒரே ஓட்டல் அடுப்பில் ஆறு வருஷம் வெந்தோமே, நாம் என்றைக்காவது நன்றி சொல்லிக்கொண்டோமா?

உனக்கு இதெல்லாம் தானாக வந்திருக்கும். கடலூர் பஸ் ஏறினால் கண்டக்டருக்கே வணக்கம் வைக்கிறவன் நீ. "இன்னாடா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று கிண்டலடிப்பேன். "வாயத் தொறந்து சொன்னா இன்னா மச்சான் கொறஞ்சிடும்?" என்பாய்.

பாரீஸில் உன் மாமா ஓட்டலில் இரண்டு பேருக்கும் வேலை என்று என்னை வகுப்பில் இழுத்துவிட்டதும் நீதான். ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்த பாஷையை என் தலையில் கட்டிவிட்டு ஏன்டா போனாய்? அடுத்த தேர்வு வரைக்கும்தான் மாமா எனக்காக இடம் வைத்திருப்பாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் சாவுக்குத் திருவதிகையில் உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா "வா" என்று சொல்லவில்லை. நானும் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல்தான் கிளம்பினேன். துக்க வீட்டில் சொல்லக்கூடாது, சரி. ஆனால் அப்புறமும் எட்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை மச்சான். பேக்கரியில் மறந்துபோனேன். உன் வீட்டில்?

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாசலிலேயே "நல்லாருக்கீங்களாம்மா?" என்று நானே முதலில் கேட்பேன். அம்மா போடுவதைச் சாப்பிடுவேன். கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்று வாயைத் திறந்து சொல்வேன். பாரீஸே போனாலும், சொன்னபடி வந்து நிற்பேன்.

என்றும் உன் மச்சான்,
குமார்