அரை டம்ளர் பால்

போர்த்தோவில் இருக்கும் மகள் லூசியாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்தேன். அம்மா இருக்கிறாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நகராட்சி வேன், அதே ஜன்னல் சீட்டு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்களைத் தனியாகத் தூக்காதே, உன் முதுகும் எலும்புதான். ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல ஆசி கேட்டாய். கொடுத்தேன். கொடுக்கும்போது கூசியது. அதனால்தான் எழுதுகிறேன். போன் என்றால் நீ இடையில் பேசுவாய், நான் அதில் ஒளிந்துகொள்வேன்.

தும்மியதில் அம்மாவின் விலா எலும்பு விரிசல் விட்டதும் டாக்டர் எலோயிசா சொன்னதும் உனக்குத் தெரியும். சிறுநீரகம் போனவர்களுக்கு எலும்பு இரண்டு விதமாகக் கெடும். ஒன்றில் கழுத்துச் சுரப்பி விரட்ட விரட்ட, ஓயாமல் தன்னையே அரித்துக்கொள்ளும். மற்றதில் தூங்கிவிடும். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோல மெலிந்து தெரியும். ரத்தச் சோதனையும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேடு. ஆகவே பெலோ ஒரிசோந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுக்க வேண்டும். அதற்கு முன் மஞ்சள் மாத்திரை மூன்று நாள், பத்து நாள் இடைவெளி, மறுபடி மூன்று நாள். ஒவ்வொரு சுற்றும் எலும்பில் ஒரு கோடு போடும். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எலும்பு வளரும் வேகம். நீ அங்கிருந்து அட்டவணை போட்டு அனுப்பினாய். நீலக் கட்டங்கள். அடியில் கொட்டை எழுத்தில், வெறும் தண்ணீர், பால் கூடாது, சீஸ் கூடாது, சேர்ந்தால் மாத்திரை எலும்புக்குப் போகாது, கோடு விழாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியது நான்தான்.

இரண்டாம் சுற்றில் மாத்திரை அம்மாவின் வயிற்றை எரித்தது. குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நாம் பால் கறந்து சீஸ் போட்டுப் பிழைத்த குடும்பம். டயாலிசிஸ் பத்தியத்தால் ஆறு வருடமாக அவள் இரண்டையும் தொடவில்லை. "ஒரு வாய் சூடா குடு கிழவா, டாக்டரம்மா ஜன்னல்ல எட்டியா பாக்குறாங்க" என்றாள். அரை டம்ளர் காய்ச்சி மாத்திரையோடு கொடுத்தேன். மறுநாள் அவள் கேட்கவில்லை. நானே கொடுத்தேன். மூன்றாம் நாளும். மாலையில் நீ போன் செய்து தண்ணீரில்தானே என்றாய். தண்ணீரில்தான் என்றேன். மூன்று மாலையும்.

எலும்புத் துண்டு எடுத்து ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. முதல் கோடு இருக்கிறது. இரண்டாவது இல்லை. எலும்பு தூங்குகிறது போலிருக்கிறது என்ற டாக்டர், மற்ற அறிகுறிகள் ஒத்துப்போகவில்லையே என்று நெற்றியைத் தேய்த்தார். கடைசி மூன்று நாள் மாத்திரை சரியாகப் போனதா என்று கேட்டார். "அட்டவணைப்படிதான் டாக்டர், எம் மக போட்ட அட்டவணை" என்றேன். உன்னையும் இழுத்தேன், லூசியா. அம்மா தன் செருப்பைப் பார்த்தாள். அம்மா அதுவரை சாப்பிட்டுவந்த, சுரப்பியை அடக்கும் மருந்தை டாக்டர் நிறுத்தினார். திரும்பும்போது வேன் நிறைய ஆள். அம்மா என் காதருகே, "பால் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக என் எலும்பையும் ஏன் பொய் சொல்ல வைக்கிற" என்றாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பதினாறு நாள் அந்தப் பொய்யை வைத்திருந்தேன். அவளுக்கு முழங்கால் வலி கூடிக்கொண்டே போனது. பதினாறாம் நாள் சமையலறைக்கு வரச் சுவரைப் பிடித்தாள். மறுநாள் டாக்டரிடம் போய்ப் பால் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. மருந்துச் சீட்டில் குறுக்கே கோடு போட்டுப் பழைய மருந்தை எழுதினார். "திரும்பவும் எலும்புத் துண்டு எடுக்கணும், சென்யோர் பெலார்மினோ. இந்தத் தடவ இடது பக்கம். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். முதல் தடவை மரத்துப்போக ஊசி போட்டும் நகம் பதிய என் கையைப் பிடித்திருந்தவள். "இந்தப் பக்கம் சும்மாதான கெடக்குது" என்று சிரித்தாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி முதல் சுற்று. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். புதிதாக ஓர் அட்டவணை எழுதி அனுப்பு. பழையதைக் கழற்றிவிட்டேன், பார்க்க முடியவில்லை. கம்பளிக் காலுறை போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும். நீ கேட்காமலே தருகிறேன், முடிந்தால் வாங்கிக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த ஆறு மாலையும் போன் செய். எதில் விழுங்கினாள் என்று அம்மாவிடம் கேள். என்னிடம் கேட்காதே.

உன் அப்பா,
பெலார்மினோ