முட்டையில்லாத பெரிய கலவா

குன்னத்துகால்
17.11.1996

என் தங்க மகள் பிரசீதாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே பெங்களூரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க முத்தாரம்மன் துணை நிற்கட்டும். இங்கே அப்பாவும் நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அப்பாவுக்கு வாதம் வந்த வலது கை இன்னும் எழும்பவில்லை, ஆனால் இடது கையால் தானே கஞ்சி குடிக்கிறார், பேச்சும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டு வந்து எனக்கு ஒத்தாசையாக மீன் விற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எனக்கு அசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. அப்பா மீனெடுக்கச் சைக்கிளில் போய்வந்த விழிஞ்ஞம் கடற்கரைக்கு நான் டெம்போவில் போகிறேன், ஏலத்தில் மீன் எடுத்து, மீன் நிறைந்த சருவத்தைத் தலையில் வைத்து வீடு வீடாக ஏறி இறங்கித் திரும்பும்போது கழுத்து என்னுடையதாகவே இருக்காது. இப்போது கலவா மீன் காலம். கடலுக்கடியில் பாறைக்கூட்டத்தில் ஆளுக்கொரு பொந்து பிடித்து அசையாமல் கிடக்குமாம், முன்னால் எது வந்தாலும் வாயைத் திறந்து ஒரே உறிஞ்சு. கணவாய்த் துண்டைத் தூண்டிலில் கோர்த்துப் பிடிக்கிறார்கள். கடித்ததும் சட்டென்று கயிற்றை வலித்து இழுக்காவிட்டால் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து அடைத்துக்கொள்ளுமாம், கயிறு அறுந்தாலும் வராதாம். ஆழத்திலிருந்து வேகமாக வருவதால் கண் பிதுங்கியிருக்கும், முதல் நாள் அதைப் பார்த்துக் கெட்ட மீன் என்று நான் ஒதுங்கிப் போனேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. தனுவச்சபுரத்தில் அப்பாவின் பழைய வாடிக்கை ஓமனா டீச்சருக்குக் கலவா முட்டை என்றால் உயிர். சின்ன மீனிலேயே இவ்வளவு முட்டை என்றால் பெரிதில் எவ்வளவு இருக்கும் என்று நானாக நினைத்து, கிடந்ததிலேயே பெரிய கலவாவை ஏலத்தில் எடுத்துப் போய், எண்ணெய் வையுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களை வாசலில் வைத்து அறுத்தேன். பேருக்குக்கூட முட்டை இல்லை. டீச்சர் காய்ந்த எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அதைப் பிடித்த வள்ளக்காரர் ராபின்சனிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒரே சிரிப்பு. எக்கா, கலவா பொறக்கும்போ எல்லாம் பெண்ணாக்கும், அந்தப் பாறைக்கூட்டத்துல ஆண் இல்லாம போனா இருக்கதுல பெருசு ஆணா மாறிரும், பின்ன அதுக்கு முட்டை எங்க உண்டு என்றார். வீட்டில் வந்து சொன்னால், எனக்குத் தெரியுமே, நீ கேக்கல்லியே என்று அப்பா கோணல் வாயோடு சிரிக்கிறார். படுத்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு அடுக்களையில் போய் அழுதேன். அப்பா விழுந்ததிலிருந்து நான் ஏலத்தில் கத்துகிறேன், டெம்போக்காரனோடு மல்லுக்கு நிற்கிறேன், கடையில் ஆண்களோடு நின்று சாயா குடிக்கிறேன். உன் குரலே மாறிப்போச்சு சரோஜம் என்கிறார் அப்பா. எனக்கு அதில் வெட்கமில்லை, வேறு வழியில்லாமல் மாறினேன். ஆனால் இந்த வீட்டில் மாறியது ஒன்று போதும் மக்கா. நீ வந்து இந்தச் சருவத்தைத் தொட்டால் அன்றைக்குத்தான் நான் உண்மையாகவே படுத்துவிடுவேன்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், தலை ஈரத்தோடு டியூட்டிக்குப் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் அருளால் நீ வெள்ளை உடுப்போடு நம் வாசலில் வந்து இறங்க வேண்டும். மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, படிப்பை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அதில் இருக்கட்டும். அதையாவது ஒரு வரி விடாமல் அவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
சி. சரோஜம்