வளைத்து நிமிர்த்திய கொக்கி

அடி அண்ணாமலை

அன்பு மகள் கவிநிலாவுக்குப் பெரியப்பா அப்பாசாமி எழுதிக்கொள்வது. ஜெர்மனிக் குளிரில் நீ சௌக்கியமாய் இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் வழக்கம்போல் நாலு கூட்டிச் சொல்லிவிடுவேன் என்றுதான் கடிதம்.

போன மாதம் நம் கிணற்று மோட்டார் நின்றுபோய், மேலே தூக்கக் கப்பி கட்டினோம். மெக்கானிக் புகழேந்தி கப்பியின் கொக்கி வாய் திறந்திருப்பதைப் பார்த்து, வேற மாத்துங்கண்ணா, இதுல தூக்குனா ஆபத்துன்னான். எனக்கு நீ பொங்கலன்று போனில் சொன்னது ஞாபகம் வந்தது. இரும்புக்குள் அணுக்கள் வரிசையாய் நிற்கும், வளைத்தால் வரிசையில் இருக்கிற பிசகு நகரும், வளைக்க வளைக்கப் பிசகு பெருகி, பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று முட்டி நகர முடியாமல் நிற்கும், அதனாலதான் இரும்பு கெட்டியாவுது பெரியப்பா, அதைத்தான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கறேன்னு சொன்னாயே. ஆனா பெரியப்பான்னு நீ மேலே தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டு, ஜெர்மனியே எங்க கவியைக் கேட்டுத்தான் ரயில் விடுதுன்னு டீக்கடையில் அளக்கப் போய்விட்டேன்.

அந்தப் பெருமையில் கொக்கியைச் சுத்தியலால் மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். ஒவ்வொரு தடவையும் கெட்டியாகித்தான் வந்தது, அது பொய்யில்லை. உங்கப்பன் தருமன், போதும் விடுண்ணா, புதுசே வாங்கிக்கலாம்னான். படிச்சவ சொன்னதுடா, யானையையே கட்டித் தூக்கலாம்னேன். மோட்டார் பாதி ஏறும்போது கொக்கி சாக்பீஸ் மாதிரி முறிந்தது. மோட்டாரோடு சரிந்த குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவில் அவன் வலது கை. சாமந்தி பறிக்கிற கை. ரெண்டு விரல் இனி மடங்காதாம். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, பழைய கொக்கி சார், யார் மேலயும் தப்பில்லன்னு சொல்லிவிட்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஊரிலோ, பொண்ணு கம்ப்யூட்டர் அப்பன் கையை ஒடிச்சிடுச்சுன்னு பேசுகிறார்கள். இல்லப்பா, அவ சொல்ல வந்ததுல பாதியைத்தான் நான் கேட்டேன்னு டீக்கடையில் சொன்னால், இதுவும் உன் கதையாண்ணான்னு சிரிக்கிறார்கள். நகர இடமில்லாத கூட்டத்தை இன்னும் தள்ளினால் என்ன ஆகும் என்று கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? உன் படிப்பு சரிதான் கண்ணு. யார் என்ன சொன்னாலும் அதை மட்டும் சந்தேகப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் தரட்டும். உனக்குத் தெரியக் கூடாதென்று உங்கப்பன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான், ஆனாலும் நீ கூப்பிடு. இடது கையால் போனை எடுக்க அவனுக்கு நேரமாகிறது. மணி அடித்து நின்றுவிட்டால் கோபம் என்று நினைக்காதே, மறுபடியும் கூப்பிடு.

இப்படிக்கு
உன் பெரியப்பா
அப்பாசாமி